தொழுவத்தின் ஏழாவது நிபந்தனை

மார்ச் 28, வெள்ளி

யார்க்‌ஷயர் முழுவதும் மழை என்று வானொலி சொன்னது. என் சாம்பல் நிறப் பூனை கர்னல் ஜன்னலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கி உள்ளே போட்டேன். காகிதப்படி இந்த வீட்டில் பூனை கிடையாது. வாடகை ஒப்பந்தத்தின் ஏழாவது நிபந்தனை: ‘வீட்டுக்குள் பிராணிகள் கூடாது.’ அதில் நான் கையெழுத்துப் போட்டபோது கர்னல் என் கோட்டுக்குள் இருந்தான்.

ஏப்ரல் 2

வீட்டுக்காரி மிசஸ் அல்டர்சன் முட்டை கொண்டுவந்தார். என் கால்சட்டையையே பார்த்தார்.

“என்ன மிஸ்டர் மெட்கால்ஃப், இவ்வளவு முடி?”

“வயசாகுதில்லீங்களா, கொட்டுது.”

என் வழுக்கையைப் பார்த்தார். “எங்கேருந்து?”

குனிந்து முடியைத் தட்டிவிட்டேன். அவர் விடவில்லை.

“எலித் தொல்லை உண்டா?”

“ஒண்ணுகூட இல்லீங்க.”

“அதிசயம்தான். எங்க வீட்டுல மேசை மேலயே ஓடுது.”

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். எனக்கென்ன கேடு!

ஏப்ரல் 5

மிசஸ் அல்டர்சனிடமிருந்து கடிதம். ஒப்பந்தத்தின் ஆறு மாதம் முடிகிறது. பதினொன்றாம் தேதி வீட்டைப் பார்க்க வருகிறாராம். எல்லாம் ஒழுங்காக இருந்தால் இன்னும் ஒரு வருடம், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும்.

பூனை என்றதும் கதவைச் சாத்திய வீடுகள் பதினொன்று. அறுபத்தெட்டு வயதில் இனி எங்கே அலைவது? பயமாகத்தான் இருக்கிறது. கர்னலை விட்டுவிட்டு மட்டும் போகமாட்டேன்.

ஏப்ரல் 10

வீடு முழுக்கத் துடைத்தாயிற்று. நாளைக்குக் கர்னல் அலமாரியில். கூடவே ஒரு டப்பா மத்தி மீன்.

ஏப்ரல் 11



பூனை வாடை போகட்டும் என்று கதவைத் திறந்து வைத்தேன். ஒரு ஆடு உள்ளே வந்தது! நிறைமாதம். யாரையும் கேட்காமல் நேராக அடுப்படி மூலைக்குப் போய்ப் படுத்துவிட்டது. போன கோடையில்தான் இந்தத் தொழுவத்தை வீடாக்கினார்கள். அதற்கு முன் அது வருடாவருடம் குட்டி போட்ட மூலையாம். இப்போது அங்கே என் கம்பளம் கிடக்கிறது.

நான் ஆட்டின் பக்கத்தில் முழங்காலிட்டிருக்கும்போது மிசஸ் அல்டர்சன் வாசலில்.

“வீட்டுக்குள்ள பிராணியா! ஏழாவது நிபந்தனை—”

“உங்க ஆடுதாங்க.”

“யாருதா இருந்தா என்ன—”

“அதுக்குப் படிக்கத் தெரியாதுங்களே.”

ஆடு முனகியது. அவ்வளவுதான், கோட்டைக் கழற்றி எறிந்தார். “நின்னு வேடிக்கை பாக்காதீங்க! வெந்நீர் வைங்க! துண்டு எங்க? அலமாரியிலயா?”

ஐயோ, வேண்டாம் என்பதற்குள் திறந்துவிட்டார்.

கர்னல் வாயை நக்கிக்கொண்டே வெளியே வந்தான். சோம்பல் முறித்தான். ஆட்டை ஒரு பார்வை, வீட்டுக்காரியை ஒரு பார்வை. பிறகு அவர் எறிந்த கோட்டின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டான்.

இரண்டு குட்டிகள். இரண்டும் நலம். மிசஸ் அல்டர்சன் தேநீர் குடித்தார், பூனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகும்போது மட்டும் கோட்டில் ஒட்டியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் வைத்தார்.

“உங்களுக்குத்தான் கொட்டுதே, வெச்சுக்கங்க.”

ஏப்ரல் 12

மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

ஏப்ரல் 14

தபாலில் ஒப்பந்தம். ஒரு வருடம்! ஏழாவது நிபந்தனை அப்படியே இருக்கிறது. பக்கத்தில் கையால் எழுதியிருக்கிறார்: ‘என் ஆடுகளின் பிரசவம் நீங்கலாக.’ கர்னலைப் பற்றி எதுவும் இல்லை.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். வீட்டோடு தரப்படும் சாமான்களின் பட்டியல். நாற்காலி ஆறு, கெட்டில் ஒன்று. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி:

‘எலிப்பொறி, சாம்பல் நிறம், ஒன்று. வாரம் ஒருமுறை உரிமையாளர் வீட்டுக்கும் அனுப்பப்பட வேண்டும்.’

கையெழுத்துப் போட வெகுநேரமாயிற்று. எலிப்பொறி காகிதத்தின் மேலேயே படுத்திருந்தது.