ராபின்சனைச் சத்திரத்தில் விட்டிருக்கிறோம்

பாறசாலை,
27 ஜூன் 1999.

ஐந்து பேரைத் தவிக்க விட்டு மலைக்குப் போயிருக்கும் படைத்தலைவர் ராபின்சன் அண்ணனுக்கு, தங்கை ஜிஷா பாசத்தோடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். மழை விடாததால் அப்பாவுக்கு ரப்பர் வெட்டு இல்லை. காலையிலேயே குடையோடு முக்குக்குப் போய்த் தபால்காரரை எதிர்பார்த்து நிற்கிறார். கேட்டால், சும்மா ஒரு நடை என்கிறார். தபால்காரர் இப்போது அப்பாவைக் கண்டால் சைக்கிளைச் சுற்று வழியில் திருப்புகிறார். உன் கடைசிக் கடிதம் மே மாதம் வந்தது.

அதில் நீ கேட்டிருந்தாய், லீவில் நம் பெயரும் வீட்டார் பெயரும் வைத்து நாம் தொடங்கிய கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆறு பேரும் எதுவரை போனார்கள், புதிதாக என்ன தந்திரம் பிடித்தாய், எழுது, கூடாரத்தில் பையன்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்று. வாசி. வாசித்துச் சிரித்தால் போதாது, அதன்படி நடக்கவும் வேண்டும்.

கதவை நீ திறக்காதே. திருடி ஜிஷாவை முன்னே விடு. பொறியும் குழியும் அவள் கண்ணுக்குத்தான் படும். நீ இரும்புச் சட்டையோடு மணி கட்டிய மாடு மாதிரி போனால் தூங்குகிற அரக்கனும் எழுந்து காபி கேட்பான்.

திறந்த வெளியில் சண்டை வேண்டாம். குறுகிய வாசலை அடைத்து நின்றால் எத்தனை பேர் வந்தாலும் ஒருவன்தான் உன்னைத் தொட முடியும். பின்னாலிருந்து அப்பா அம்பு விடுவார். மந்திரக்காரி லீலாபாய் எதிரிகளைத் தூங்க வைப்பாள். அவளுக்கு என் கணக்கு டீச்சர் பெயரை வைத்தது வீண் போகவில்லை. ஆனால் மேட்டில் வில்லோடு நிற்கிறவர்களை நோக்கிக் கீழிருந்து ஏறாதே. அவர்கள் அம்பு நம்மை எட்டும், நம் வாள் அவர்களை எட்டாது. வேறு வழி தேடு. திரும்பி ஓடினால் யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை.

வரைபடத்தில் நடந்த இடம் மட்டும் வெளுக்கிறது, மற்றதெல்லாம் கறுப்பு. அதனால் ஓரம் பிடித்தே நட. என் பள்ளிக்கூட அட்லஸில் உன் பட்டாளம் நிற்கும் மலைகளைத் தேடினேன். பெயர்களெல்லாம் அச்சாகியிருக்கின்றன. ஆனாலும் எங்களுக்கு அது கறுப்புத்தான்.

இனி செய்தி. போன வாரம் பாலத்தடியில் ராபின்சன் செத்துப்போனான். மேட்டிலிருந்து வந்த அம்புதான். அந்த நேரம் பார்த்து அம்மா குடையோடு என்னைக் கூப்பிட ஜெயச்சந்திரன் அண்ணனின் கம்ப்யூட்டர் சென்டருக்குள் வந்துவிட்டாள். உனக்கு விலாசம் எழுதுவதற்காக இங்கிலீஷ் எழுத்துப் படித்தவளல்லவா. திரையில் உன் பெயர் இருந்தது, அதன்மேல் ஒரு மண்டையோடு.

மக்கா, இது அவன் பேருதானே என்று கேட்டாள். ஜெயச்சந்திரன் அண்ணன், இது களியாக்கும் சேச்சி, வெறும் விளையாட்டு, ஒண்ணும் இல்ல என்றார். அம்மா ஈரச் சேலையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஏட்டி, அவனை எழுப்பு, அவன் எழும்பாம நான் எழும்ப மாட்டேன் என்றாள். வைத்தியம் பார்க்கிறவளுக்கு நீதான் சாராம்மா என்று அம்மா பெயரை வைத்தாய். அந்தச் சாராம்மாவுக்குப் புண் ஆற்றத் தெரியும், செத்தவரை எழுப்பும் மந்திரம் இன்னும் வரவில்லை என்று சொன்னேன். பின்ன அவ அங்க எதுக்கு நிக்கணும் என்று கேட்டாள் அம்மா.

சேமித்து வைத்த பழைய ஆட்டத்தைத் திறந்தேன். பாலத்துக்கு முன்னால், சத்திர வாசலில் நீ முழு உயிரோடு நின்றாய். அம்மா உன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு உத்தரவு போட்டாள், இனி அவன் பாலத்துக்குப் போகண்டாம், சத்திரத்தில இருக்கட்டு என்று.

அதனால் உன்னைச் சத்திரத்தில் விட்டிருக்கிறோம். நீ இல்லாமல் ஐந்து பேரால் பாலத்தைத் தாண்ட முடியாது. முன்னால் நிற்பதற்குக் குள்ளன் பொன்னப்பன் ஒருவன்தான், அவன் கோடாலி எதிரியின் முழங்காலுக்குமேல் எட்டாது. அம்மா சந்தையிலிருந்து வரும்போதெல்லாம் சென்டருக்குள் எட்டிப் பார்த்து, உன் பெயர் சுத்தமாக இருக்கிறதா என்று கண்டபிறகே வீட்டுக்கு வருகிறாள். வீட்டு ஜெபத்தில் லீலாபாயும் பொன்னப்பனும்கூடச் சேர்ந்துவிட்டார்கள். எந்தப் பொன்னப்பன் என்று அப்பா கேட்டார். கோடாலிக்காரன் என்றேன். யாரோ மரம் வெட்டுகிறவன் என்று நினைத்து ஆமென் சொன்னார்.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊர் வெள்ளறடைக்கு மிலிட்டரி வண்டி ஒன்று ஒரு பெட்டியோடு வந்தது. அப்பா போய்விட்டு வந்து சாப்பிடவில்லை. அதைப் பற்றி உனக்கு எழுதக் கூடாது என்றார். அதனால் எழுதவில்லை.

சத்திரத்துக்குள் போய் ராபின்சனைத் தொட்டால் அவன் ஒன்றே ஒன்றுதான் சொல்கிறான், நான் தயார், கிளம்பலாமா என்று. கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் வரும். நான் தினமும் போய் இல்லை என்பதை அழுத்திவிட்டு வருகிறேன். அவன் ஒன்றும் கோபிப்பதில்லை. நாளைக்குப் போனாலும் அதையேதான் கேட்பான்.

உன்னிடம் யாராவது அப்படிக் கேட்டால், அண்ணா, நீயும் ஒரு தடவை அந்த இரண்டாவது கட்டத்தை அழுத்திப் பார். முடியாது என்று எனக்குத் தெரியும். ஒரு வரியாவது எழுது. கையெழுத்து மட்டும் இருந்தாலும் போதும்.

கர்த்தர் உனக்கு முன்னே நடக்கட்டும்; நீ பின்னால் நில்.

உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தே வளர்ந்த,
ஜிஷா