ஜெபக்குறிப்பில் உன் பெயர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் நலம், அப்பாவுடைய முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் போனில் வருகிற அதே "ம், இருக்கேன்" தான் வரும், அதனால் நன்றாக இருக்கிறாய் என்று நானே எழுதிக்கொள்கிறேன், உனக்கும் வேலை மிச்சம். வாஷிங் மெஷின் போன வாரம் ஓடவே மாட்டேன் என்றது. பழுது பார்க்க வந்தவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, ப்ளக் சரியா சொருகலைங்க என்றார். சொருகியவர் யார் என்று நான் எழுதப்போவதில்லை. அவர் இப்போது ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, அந்தக் கம்பெனி மெஷினே சரியில்லை என்று சுவரிடம் விளக்கிக்கொண்டிருக்கிறார். நான் மெஷினைப் பற்றித்தான் உனக்கு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அப்படியே இருக்கட்டும்.

போன மாதம் நான் உனக்கு விசுவாசத்தைப் பற்றி முழ நீளத்துக்கு ஒரு செய்தி அனுப்பினேன் அல்லவா, அதற்கு நீ ஒரே வரியில், அம்மா இதெல்லாம் நீங்க நேர்ல பாத்த சாட்சியா, யாரோ சொல்லிக் கேட்ட சாட்சியா என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. நீதிமன்றத்தில் இருபத்தாறு வருடமாகச் சாட்சிகளின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்கிறவள் பெற்ற பிள்ளை வேறு எப்படிக் கேட்கும். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அவர் சொன்னாரு இவர் சொன்னாரு என்று கூண்டில் உளறியவர்களை வக்கீல் எப்படி மடக்கினார் என்று உனக்கு நடித்துக் காட்டியதே நான்தான். மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன், நான் கோபமாக இருந்ததே உனக்குத் தெரியாது, அதனால் நான்காம் நாளும் இருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். சபையில், ஆண்டவர் செய்ததைச் சாட்சியாகச் சொல்லும் நேரம் வந்தால் போதகர் வாயை மூடுவதற்கு முன்னால் எழுந்து நிற்கிறவள் நான். இத்தனை வருடத்தில் சொன்ன சாட்சிகளில் எனக்கே நடந்தது எது என்று எண்ணினால், காணாமல் போன சாவிக்கொத்து கிடைத்தது ஒன்றுதான் தேறியது, அதுவும் என் கைப்பையிலேயே இருந்தது. மற்றதெல்லாம் யாரோ ஒருவருடைய காய்ச்சல், யாரோ ஒருவருடைய அற்புதம்.

சரி, இந்தப் பையனுக்கு நேரடிச் சாட்சியம் ஒன்று தயார் செய்து மூக்கை உடைக்கிறேன் என்று கிளம்பினேன், நோக்கம் எவ்வளவு பரிசுத்தமானது பார். சத்துருவைச் சிநேகி, அவனுக்காக ஜெபி, அவனுக்கு நன்மை செய் என்று இருக்கிறதே, அதையே எடுத்துக்கொண்டேன். சத்துருவைத் தேடி நான் வெளியே போக வேண்டியதில்லை, எதிர்மேஜையிலேயே இருக்கிறாள். ஏழு வருடமாக என்னோடு பேசாத அந்த இன்னொரு தட்டச்சரைத்தான் சொல்கிறேன், உனக்குத் தெரியும், மேஜை மின்விசிறி யார் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று ஒரு கோடைகாலம் முழுக்க நாங்கள் நடத்திய யுத்தம். அதற்குப் பிறகு பேச்சே இல்லை, ஒரு ஸ்டேப்ளர் வேண்டுமென்றால்கூட ரெக்கார்டு அறைக்காரர்தான் நடுவில் தூது. அவள் படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டோடு வந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுத மாட்டேன், நான் சாட்சி சொல்கிற பெண்மணி.

முதலில் ஜெபித்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் அது ஜெபமே இல்லை, அவள்மேல் ஆண்டவரிடம் கொடுத்த புகார் மனு, கீழே கையெழுத்து ஒன்றுதான் குறைச்சல். மறுநாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, உங்க பக்கத்தையெல்லாம் நான் அடிச்சுத் தரேன் என்றேன். ஏழு வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, ஏன், யாராவது பாக்கறாங்களா என்பது. ரெக்கார்டு அறைக்காரர் இருமுவது மாதிரி சிரித்தார். அதனால் வாயை மூடிக்கொண்டு செய்தேன். மத்தியான இடைவேளையில் அவள் மேஜையில் குவிந்த குறிப்புகளை எடுத்து அடித்து, திரும்ப அங்கேயே வைத்துவிடுவேன். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாதாம், தட்டச்சு அடிக்கிறவளிடம் போய் இதைச் சொன்னால் எப்படி. ஒன்பதாம் நாள் நீதிபதி அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, கையில கட்டோட இவ்வளவு சுத்தமா வேலை செஞ்சிருக்கீங்களே என்று அவளைப் பாராட்டினார். அவள் நன்றிங்க ஐயா என்றாள். ஒரு தடவை என் பக்கம் திரும்பியாவது பார்க்க வேண்டுமே, ம்ஹூம். அன்று வீட்டுக்கு வந்து நான் பாத்திரம் கழுவிய சத்தத்தில் அப்பா முழங்கால் வலியை மறந்து எழுந்து வந்துவிட்டார்.

ஆனால் விடாமல் செய்தேன், பிடிவாதம்தான், வேறு பெரிய குணம் ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் ஆன பிறகு ஒரு காலையில், அவள் கட்டை அவிழ்த்துவிட்டார்களா இல்லையா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். அவிழ்க்காமல் இருந்தால் நல்லது என்று இல்லை, வலி குறைந்திருக்க வேண்டுமே என்று. எனக்கே சந்தேகமாக இருந்தது, உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். போனதும் நேராக, கை எப்படி இருக்கு என்று கேட்டேன். யாரும் பக்கத்தில் இல்லை. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, நான் ஃபேனுக்காகத்தான் உங்ககூட பேசலன்னு நெனச்சீங்களா என்றாள். அவளே தொடர்ந்து, என் வீட்டுக்காரர் எங்களை விட்டுட்டுப் போனதை உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன், மூணாம் நாள் முன்னப்பின்ன தெரியாத ஒரு அம்மா கடையில என் கையைப் பிடிச்சு உங்களுக்காக ஜெபிக்கிறோம்னாங்க, எங்க அம்மாவுக்கே அப்போ தெரியாதுங்க என்றாள்.

மகனே, அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, எல்லாரும் ஜெபிக்க வேண்டும் என்று அதை ஜெபக்குறிப்பாகக் கொடுத்தவள் நான்தான். கொடுத்துவிட்டு மறந்தும் போனேன், பின்னே, நான் செய்த நல்ல காரியங்களையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா. அன்பினால்தான் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உன்னிடமும் இதே வார்த்தையைச் சொன்னது ஞாபகம் வந்து, வாய் திறந்தபடியே நின்றது. தப்புதாங்க, மன்னிச்சிருங்க என்றேன். அவள் சரி என்றாள். அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஏழாம் பக்கத்துல ஒரு வரி விட்டிருக்கீங்க என்றாள். மின்விசிறி இன்னும் அவள் பக்கம்தான்.

நீ கேட்டதற்குப் பதில் இது. வானம் திறக்கவில்லை, குரல் ஒன்றும் கேட்கவில்லை. செய்யாமல் இருந்தவரைக்கும் அந்த வார்த்தைகளை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேன், என்னைப் பற்றியும் நல்ல அபிப்பிராயத்தோடுதான் இருந்தேன். செய்து பார்த்தபோது அந்த வார்த்தை உண்மை என்று தெரிந்தது, என்னைப் பற்றிய அபிப்பிராயம்தான் போய்விட்டது. நான் வெறுத்தவளை வெறுக்காமல் ஒரு காலை பஸ்ஸில் போனேன், அது என்னால் ஆகிற காரியம் இல்லை, எனக்கு என்னைத் தெரியும். இவ்வளவுதான் நான் நேரில் பார்த்தது. போன ஞாயிறு சாட்சி நேரத்தில் போதகர் வழக்கம்போல என் பக்கம் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. அப்பா முழங்கையால் இடித்து, ஏன் உடம்பு சரியில்லையா என்று கேட்டார், பின்வரிசைக்காரர்களும் கவலைப்பட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நீ சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அம்மா என்னால இப்பல்லாம் ஜெபம் பண்ண முடியல, பயமா இருக்கு என்றாய். நீ அதை அப்பாவிடம் சொல்லவில்லை, நண்பர்களிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாய். நான் உன்னை உட்கார வைத்து என்னப்பா பயம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, உன் பெயரைச் சொல்லி, கண்ணீரும் விட்டேன். வாசலில் அறுபது பேர் உன் கையைப் பிடித்துத் தைரியமாக இருக்கச் சொன்னார்கள். அடுத்த மாதமே நீ அவ்வளவு தூரத்தில் வேலை தேடிக்கொண்டாய், நல்ல சம்பளம் என்று எல்லாரிடமும் நான் சொல்லிக்கொண்டேன். சம்பளத்துக்காகப் போகவில்லை என்று எனக்கு அன்றே தெரியும். நான் செய்தது தவறு. அன்பு என்று பெயர் வைத்து உன் பயத்தைக் கூட்டத்தில் வைத்தேன். என்னை மன்னித்துவிடு. உடனே மன்னிக்க வேண்டும் என்றும் இல்லை, வசனம் காட்டி அவசரப்படுத்த மாட்டேன், அந்தப் பழக்கத்தை விட முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

ஆண்டவர் உன்னைத் தம் கையில் வைத்துக் காப்பாராக, நீ அவரோடு பேசுகிற நாளிலும் பேசாத நாளிலும். பல் டாக்டரிடம் தள்ளிப்போடாமல் போ, அந்தக் கடைவாய்ப்பல் தானாகச் சரியாகாது. ஒரு நாள் போனில் சாப்பிட்டேன் என்பதற்குப் பிறகு வேறு ஏதாவது சொல்லத் தோன்றினால் சொல். அன்று எதைக் கண்டு பயந்தாய் என்று எனக்கு இன்னும் தெரியாது.

கேட்க ஆசையோடு,
உன் அம்மா