திரைக்குப் பின்னால் மூன்று கிடார்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

கடையில் நேற்று ஒரு வேடிக்கை. மகளுக்குக் கிடார் வாங்க ஒருவர் வந்தார். கம்பெனிப் பெயரைப் பார்க்காமல் ஒலியைக் கேட்டு எடுக்கட்டும் என்று முதலாளி என்னைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார். மூன்று கிடாரிலும் ஒரே பாட்டை வாசித்தேன். ஒன்று கணீரென்றது, ஒன்று கைக்கு இதம். விலை குறைந்த மூன்றாவதுதான் மனதைத் தொட்டது. அதையே எடுத்தார்.

“வாசிச்சவர் என் பொண்ணுக்குச் சொல்லித் தருவாரா?”

“ஆளே இல்லீங்க, எல்லாம் ரெக்கார்டு,” என்றார் முதலாளி.

பெட்டியைக் கார்வரை நான்தான் தூக்கிப்போனேன். அவர் காரில் இருந்த மகளிடம், “அந்த ரெக்கார்டு மாதிரி வாசிக்கப் பழகு. இல்லேன்னா இவனை மாதிரி பெட்டிதான் தூக்கணும்,” என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

விரல் வெடிப்புக்குக் களிம்பு அனுப்புங்கள். கூடவே நாலு வரி எழுதுங்கள். முதலாளி கூப்பிடுகிறார். யார் கேட்டாலும் நான் இங்கே வாசிக்கிறேன் என்றே சொல்லுங்கள்.

உங்கள் மகன்