அரிசி மகாராணி

அன்புள்ள பெறாமகளுக்கு,

என்னிடம் தங்கிப் படிக்கும் உன் மகள் எதற்கும் லாயக்கில்லை, பள்ளி நாடகம் முடிந்ததும் வில்கமுவவுக்கே கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். நேற்று நாடகம் முடிந்தது.

அரசியாக நடிக்க இருந்த பிள்ளைக்கு அம்மை. கிரீடம் பொருந்திய ஒரே தலை உன் மகள் சிவதர்ஷினியுடையது. சேலை தடுக்கி, சிம்மாசனத்தில் பக்கவாட்டாக விழுந்தவள் நிமிர்ந்து, "நானே இந்நாட்டின் அரிசி" என்றாள்.

மண்டபமே சிரித்தது. மந்திரியாக நின்ற றுஸ்னா, "அரிசி இல்லடி, அரசி" என்று மைக்கிலேயே கிசுகிசுத்தாள். உச்சரிப்புப் பழக்கிய நான் கண்களை மூடிக்கொண்டேன்.

"அரிசிதான், மந்திரியாரே. நான் ஒரு நாள் இல்லாவிட்டால் நீங்கள் எல்லோரும் பட்டினி. சிரித்தது போதும், எழுந்து வணங்குங்கள்."

சபை முழுவதும் எழுந்து கைதட்டியது. பள்ளி அதிபரும் எழுந்தார்.

மாவட்டப் போட்டிக்கும் அவளே அரசி. ஆகவே சனிக்கிழமை அவளைப் பார்க்க வா, கூட்டிப்போக வராதே. எனக்காகச் சொல்லவில்லை. உன் பெரியப்பா போன பிறகு தனியே இருந்து பழகிவிட்டேன். "நாம் மாத்தளையிலேயே இருப்போம்" என்று அவள்தான் இன்று காலையிலிருந்து பன்மையில் பேசுகிறாள்.

நான் திருத்தவில்லை.

இப்படிக்கு,
உன் பெரியம்மா