ஒரே நடையில் முடியும்படி

அன்புள்ள உங்களுக்கு,

நானும் மகளும் இங்கே நன்றாக இருக்கிறோம். சோதனைக் கூடத்து விடுதியில் இன்னும் வெந்நீர் வரவில்லை என்றீர்களே, சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய்க்கு நேற்றே ஆள் வந்தார். ரப்பர் வளையம்தான் தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டுப் போனார். மகள் வேதியியல் தேர்வை நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள். அவளுடைய 'நன்றாக' எதுவரை போகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நேற்று ஃபோனில் அந்தக் குழாயைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினோம்! பேச வேண்டியதை நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆரம்பித்திருந்தாலும் நீங்கள் 'உன் இஷ்டம்' என்றிருப்பீர்கள், நான் 'உங்க இஷ்டம்' என்றிருப்பேன், சாப்பிட்டாச்சா என்று கேட்டு ஃபோனை வைத்திருப்போம். அதனால்தான் கடிதம். இதில் நீங்கள் குறுக்கே புகுந்து விட்டுக்கொடுக்க முடியாது.

மதிப்பாய்வுக் கூட்டம் முடிந்து வந்த அன்று என் முகத்தைப் பார்த்துவிட்டு மகள் என்ன ஆச்சு என்று கேட்டாள். அணு உலையை அவசரமாக நிறுத்த இரண்டு வழிகள் வேண்டும் என்று ஆரம்பித்தேன். ஒன்று அப்பாவுடையது. மின்காந்தத்தில் தொங்கும் கம்பிகள், மின்சாரத்தை வெட்டினால் தம் எடையாலேயே உள்ளே விழுந்துவிடும். அவை எங்காவது சிக்கிக்கொண்டால் என்னுடையது. வாயு அழுத்தத்தில் ஒரு திரவத்தை உள்ளே பீய்ச்சி உலையை அணைத்துவிடும். முதலாவது எதனால் கெடுகிறதோ அதனாலேயே இரண்டாவதும் கெட்டுவிடக் கூடாது. அதற்காகத்தான் இரண்டு குழுக்களுக்கும் தனித்தனிக் கட்டடம், தனித்தனி வரைபடங்கள். வீட்டில்கூட வேலைப் பேச்சு எடுக்க மாட்டோம் என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேசாட்டி மட்டும்? சின்ன வயசுல நீ வேணாம்னா அப்பாகிட்டப் போய்க் கேப்பேன். அச்சு அசலா அதே பதில் வரும். மத்த பசங்களுக்கு அப்பா ஒருத்தர், அம்மா ஒருத்தர். எனக்கு ரெண்டும் ஒரே ஆளு" என்றாள். என்னால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. மதிப்பாய்வுக் குழுத் தலைவி கூட்டத்தில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

உங்கள் காதுக்கு அரைகுறையாகத்தான் வந்திருக்கும், முழுதாகச் சொல்கிறேன். இரு குழுக்களின் பராமரிப்புக் குறிப்புகளையும் அந்த அம்மாள் முதல்முறையாக அடுத்தடுத்து வைத்துப் படித்திருக்கிறார். உலையைக் குளிர்விக்கும் தண்ணீரின் ஓட்டம் குறைந்தால் உணரும் கருவிகளை மாதாமாதம் சரிபார்க்க வேண்டும் அல்லவா? பம்புக்கு எண்ணெய் போடும் நாளிலேயே, போட வந்த ஆளே, அந்த அறை அலமாரியில் இருக்கும் மீட்டரை வைத்தே சரிபார்த்துவிடலாம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நானும் அதையே எழுதியிருக்கிறேன். அந்த மீட்டர் ஒருநாள் கொஞ்சம் பொய் சொன்னால் போதும், உங்கள் கருவிகளும் என் கருவிகளும் ஒரே பொய்யைக் கற்றுக்கொள்ளும். தண்ணீர் குறையும்போது இரண்டும் சேர்ந்து தூங்கும்.

காரணம் என்ற இடத்தில் நாம் எழுதியதைத் தலைவி வாய்விட்டுப் படித்தார்: 'தொழிலாளி அந்த வெக்கையில் மறுபடி ஏறாமல், ஒரே நடையில் முடியும்படி.' உங்களுடையதிலும் என்னுடையதிலும் அதே வாக்கியம். யாரோ ஒருவர் சிரித்தார்.

கடைக்குப் போகிறவர் கையில் மருந்துச் சீட்டையும் கொடுத்து அனுப்புகிற வீடு நம்முடையது. மாடிக்குப் போகிறவர் காய்ந்த துணியோடுதான் இறங்குவார். இன்னொருவரை வீணாக இரண்டாம் தடவை நடக்கவைக்கக் கூடாது என்பதைத் தவிர நமக்குப் பெரிய கொள்கை எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அது பம்பு அறை வரைக்கும் போயிருக்கிறது.

"வீட்ல இதைப் பத்திப் பேசிக்கிட்டீங்களா?" என்று தலைவி நேராகவே கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பினார், அதுதான் கஷ்டம். "பேசியிருந்தா எனக்கு நிம்மதிம்மா. பேசாதீங்கன்னு சொல்லி நிறுத்திடலாம். இதை எப்படி நிறுத்துறது?" என்றார்.

மீட்டரையும் தேதியையும் ஆளையும் மாற்றி எழுதுவது ஒரு மதியத்தில் முடிந்துவிட்டது. கண்ணுக்குப் படாத இடங்களில் நாம் இன்னும் எங்கெங்கே ஒன்றாக இருக்கிறோம் என்பதுதான் அவர் கேள்வி. நம்மில் ஒருவர் விலக வேண்டும், யார் என்பதை நாமே முடிவு செய்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றுவிட்டார்.

மறுநாள் காலை பெரியவர் அறைக்குப் போனேன். திட்ட இயக்குநர் என்று பலகை மாட்டினாலும் நமக்கு அவர் பெரியவர்தானே. நான் விலகிக்கொள்கிறேன் என்றதும் பேனாவை மூடி வைத்தார். "உங்க வீட்டுக்காரர் இப்பத்தான் ஃபோன் பண்ணி இதையே சொன்னார்" என்றார். "ஒன்னு விழுந்தா இன்னொன்னு நிக்கணும், அதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்? இப்ப ரெண்டும் சேர்ந்து படுத்துடுச்சே" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் பஸ் ஏறாமல் வீட்டுக்கு நடந்தே வந்தேன். விலகுவதில் எனக்குத் துளியும் விருப்பமில்லை என்பது வழியில்தான் எனக்கே புரிந்தது. பெரியவர் முன்னால் நின்றபோது நான் நினைத்தது உங்களை. ஃபோனை எடுத்தபோது நீங்கள் நினைத்தது என்னை. தனக்கு என்ன வேண்டும் என்று நம்மில் யாருமே யோசிக்கவில்லை. இனி உங்களுக்காக நான் என் பேச்சை மாற்றினால், எனக்காக நீங்களும் மாற்றுவீர்கள். வாசலில் நின்று 'நீங்க போங்க', 'நீ போ' என்று இருவருமே பஸ்ஸைத் தவறவிடுவோம்.

ஆகவே எனக்குப் பழக்கமில்லாத ஒன்றைச் செய்திருக்கிறேன். இன்று காலை பெரியவரிடம் போய், நான் விலகவில்லை, இரண்டாவது அமைப்பில் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. நீங்கள் உங்கள் சொல்லை மாற்ற வேண்டாம். கம்பிகளை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

என்ன கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன். சோதனைக் கூடத்தில் முதல் கம்பி தடங்கலில்லாமல் விழுந்த அன்று எல்லோரும் கை தட்ட, நீங்கள் மட்டும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டீர்களாம். உங்கள் உதவியாளர் சொன்னார். மிச்சச் சோதனைகளை அவரால் முடிக்க முடியும், இங்கே குளிர்விப்புப் பிரிவில் உங்களுக்கு இடம் இருக்கிறது என்றெல்லாம் நியாயம் அடுக்கலாம். அவையெல்லாம் முடிவெடுத்த பிறகு தேடிப் பிடித்தவை. எனக்கு இந்த வேலை வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

உங்கள் கம்பிகள் விழுந்தால் தூக்கிவிட்டு உலையைத் திரும்ப ஓட்டலாம். என் திரவம் உள்ளே போனால் தண்ணீர் முழுவதையும் சுத்தம் செய்து மாளாது, ஆளாளுக்குத் திட்டுவார்கள். யாருக்கும் பிடிக்காத அமைப்பு. கூட்டத்துக்குக் கூட்டம் அதற்காக வாதாடி வாதாடி எனக்கு அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பதிலில் 'பரவாயில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல்லை நாம் இருவரும் போட்டுத் தேய்த்துவிட்டோம். கோபம் வந்தால் கோபத்தை எழுதுங்கள். ஊருக்கு வந்து எதிரே உட்கார்ந்து, நீ செய்தது தப்பு என்று சொல்லுங்கள். எழுந்து போகாமல் கேட்பேன். ஆனாலும் விலக மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் வந்துவிடுங்கள்.

உங்களைத் தவிர வேறு யாரிடமும் இதைக் கேட்கத் துணியாத,
உங்கள் மனைவி