சிமிழை நீட்டிவிட்டேன்

20-7-2001, ஆடி முதல் வெள்ளி

மதியம் ஆரியசாலையில் எங்கள் வீட்டுக்கு, ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்காக ஒரு பெண் கேள்வித்தாளோடு வந்தாள். "இதே கேள்விகளத்தான் ஜப்பான்லயும் கேக்காங்க ஆன்ட்டி. கேன்சர் சுகமானவங்க எந்த ஊர்ல எப்படி ஜீவிக்காங்கன்னு பாக்கத்தான்" என்றாள்.

தூக்கம், பசி, கை வீக்கம் எல்லாம் கேட்டாள். பிறகு, "அக்கம்பக்கத்தார் உங்களிடம் முன்போலவே பழகுகிறார்களா?" என்று வாசித்தாள்.

"ஒரு குறையும் இல்ல மோளே" என்றேன். டிக் போட்டுக்கொண்டாள்.

முழுப் பொய்யும் இல்லை. எல்லோரும் வருகிறார்கள், பேசுகிறார்கள். ஆனால் ஆபரேஷன் முடிந்த வருஷம் கொலுவுக்கு வந்த பக்கத்து வீட்டு மருமகள், நான் குங்குமம் வைக்கப் போனதும் முகத்தைப் பின்னுக்கு இழுத்து, "நானே வச்சுக்கிடுதேன் அக்கா" என்றாள். அதன் பிறகு நான் யாருக்கும் வைத்ததில்லை. சிமிழை நீட்டுவதோடு சரி.

இந்தப் பெண் கிளம்பும்போதும், வெள்ளிக்கிழமையாயிற்றே என்று சிமிழை எடுத்து வந்து நீட்டினேன். பார்த்தால், அவள் கண்ணை மூடி, நெற்றியை எனக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். எனக்குக் கை எழவில்லை. கண்ணைத் திறந்து சிமிழைப் பார்த்தவள், "ஓ, ஸாரி ஆன்ட்டி" என்று தானே வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

என்ன மடத்தனம் செய்துவிட்டேன்! ஒரு விரலை நீட்டியிருக்கக் கூடாதா?

ஆறு மாதம் கழித்து, இதே கேள்விகளோடு மறுபடி வருவார்களாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு யாரையும் அனுப்பிவிடக் கூடாது. அவளேதான் வர வேண்டும்.