திருப்பி அனுப்பப்பட்ட பதினோரு பக்கங்கள்

அனுப்புநர்:
இ. பெரியநாயகி,
(கைதி தேவனின் அக்காள்)
பாயா ரும்புட், மலாக்கா.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
கருணை மனுப் பிரிவு, மலாக்கா.

பொருள்: மரண தண்டனைக் கைதி தேவன் த/பெ இருளாண்டியின் கருணை மனுவிலிருந்து நீக்கப்பட்ட மாறுபட்ட தீர்ப்பை மீண்டும் சேர்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த ஜூன் மாதம் என் தம்பி தேவனுக்காகக் கருணை மனு கொடுத்தேன். மேல்முறையீட்டை விசாரித்த மூன்று நீதிபதிகளில் இருவர் தூக்கை உறுதி செய்தனர், ஒருவர் மறுத்தார். மூவர் எழுதியதையும் இணைத்திருந்தேன். சென்ற வாரம் தங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் உறை வந்தது. மறுத்தவரின் பதினோரு பக்கங்கள் மட்டும் அதில் இருந்தன. மேலே ‘தேவையில்லை’ என்று மலாயில் எழுதி முத்திரையும் குத்தியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை இம்மனுவில் மறைக்கப் போவதில்லை.

2. தேவன் மெர்லிமாவ் பக்கத் தோட்டத்தில் பிறந்தவன். லோரியில் சாமான் ஏற்றி இறக்குவது அவன் வேலை. 1992இல் சாலைச் சோதனையில் போலீஸ் லோரியை நிறுத்தியதும் ஓட்டுநர் இறங்கி ஓடிவிட்டான். இருக்கைக்கு அடியில் ஒரு பை. உன்னுடையதா என்று கேட்டதற்கு இவன், “யா, துவான்”, ஆமாம் ஐயா, என்றிருக்கிறான். தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்க வரிசையாக நிற்கும்போது, பெயர் கூப்பிட்டாலும், ஏசினாலும், செய்யாத தப்பைக் கேட்டாலும் எங்கள் பதில் அதுதான். மறுத்துப் பேசினால் அன்று வேலை கிடையாது.

3. பையில் பதினைந்து கிராமுக்கு மேல் ஹெரோயின் இருந்தது. அவ்வளவு இருந்தால் கடத்தல் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. கடத்தலுக்குத் தூக்கைத் தவிர வேறு தண்டனை இல்லை. தண்டனை விதித்த நீதிபதியே தமக்கு வேறு வழியில்லை என்றார்.

4. மறுத்த நீதிபதி எழுதியது இதுதான். சட்டப்படியன்றி எவர் உயிரையும் பறிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் ஐந்தாம் விதி. ஆளைப் பார்க்காதே, நடந்ததைப் பார்க்காதே, எடையை மட்டும் பார் என்று நீதிபதியின் கையைக் கட்டுவது அவ்விதி சொல்லும் சட்டமாகாது. கிராம் பார்க்கத் தராசு போதுமே, நீதிமன்றம் எதற்கு என்று கேட்கிறார். தேவன் ஏன் அப்படிப் பதில் சொன்னான் என்பதற்கே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். ஐந்து வருடத்தில் அதை யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

5. இருவர் சொன்னதே தீர்ப்பு என்பது எனக்கும் தெரியும். நான் இப்போது கேட்பது கருணை. நாட்டின் தலையாய சட்டத்தைக் காட்டி ஒரு நீதிபதி தூக்கு வேண்டாம் என்றிருக்கிறார். அதை, கருணை மனுவை முடிவு செய்யும் வாரியத்தின் கண்ணில் படாமல் செய்யத் தாங்கள் யார், ஐயா? முந்தாநாள் சிறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, பெரியவர்கள் அதைப் படித்துவிட்டார்களா என்று தேவன் கேட்டான். திரும்பி வந்ததை மறைத்து, படிப்பார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

6. வாரியம் இம்மாதம் 29ஆம் தேதி கூடுகிறது. அதே பதினோரு பக்கங்களை இத்துடன் மறுபடியும் அனுப்புகிறேன். கோப்பில் சேர்த்து உறுப்பினர் ஒவ்வொருவர் முன்பும் வையுங்கள். எல்லாரும் படித்த பிறகும் தூக்குத்தான் என்றால், படித்தோம் என்று கையெழுத்திட்டு எனக்கு எழுதித் தாருங்கள். அந்தத் தாளைத் தேவனிடம் காட்டுகிறேன். கொல்வதற்கு முன் ஒரு தடவை படித்தார்கள் என்றாவது அவனுக்குத் தெரியட்டும்.

பதில் வரும்வரை விடாமல் கேட்கும்,

(ஒப்பம்)
இ. பெரியநாயகி

இடம்: பாயா ரும்புட்
நாள்: 2.9.1997